கடைக்கு 10 மணிக்குப் பூட்டு! "கிளப்"புக்கு எத்தனை மணி?

மன்றத்தின் பேரில் மது. கிரிவல ஊரில் கிளம்பும் கேள்வி

திருவண்ணாமலை,

இரவு மணி 10. டாஸ்மாக் கடையில் ஷட்டர் இறங்கும். "அண்ணே, ஒரே ஒரு குவார்ட்டர்" என்று கம்பி வழியாகக் கையை நீட்டிக் கெஞ்சுகிற குடிமகன்களுக்கு, "மூடியாச்சு, போய்யா!" என்று பதில் வரும்.

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போவார்கள். அரை மணி நேரத்தில் தெரு அடங்கிவிடும்.

ஊர் ஜனங்களுக்கு இது பழகிப்போன காட்சி. தாய்மார்களுக்கு இது ஒரு கணக்கும்கூட. கடை 10 மணிக்கு மூடினால், மனுஷன் 11 மணிக்குள் எப்படியும் வீடு வந்து சேருவான். சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

இந்தக் கணக்கைப் புரட்டிப் போடுகிற சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "மனமகிழ் மன்றம்". விளையாட்டுக் கிளப், ரிக்ரியேஷன் கிளப், பொழுதுபோக்கு மன்றம் என்று போர்டு எப்படி வேண்டுமானாலும் இருக்கும். உள்ளே நடப்பது ஒன்றுதான்.

கடைக்கு உள்ள நேரம் வேறு. மன்றத்துக்கு உள்ள நேரம் வேறு. கடை திறக்கும் முன்பே மன்றத்தின் கதவு திறக்கும். கடை மூடிய பிறகும் மன்றத்தில் விளக்கு எரியும். "எங்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்ற பேச்சும் அவ்வப்போது கிளம்பும்.

நேரத்தை நீட்டலாமா, கூடாதா? மற்ற ஊரில் இது வெறும் வியாபாரப் பிரச்சினை. திருவண்ணாமலையில் அப்படி இல்லை. இந்த ஊர் ராத்திரியில் நடக்கிற ஊர்!

எப்.எல்.2 என்றால் என்ன?

மதுவுக்கு லைசென்சு பல வகை. எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. 1981-ம் ஆண்டு வந்த தமிழ்நாடு மதுபான (உரிமம் மற்றும் அனுமதி) விதிகளில் இந்த நம்பர்கள் இருக்கின்றன.

நட்சத்திர ஓட்டல் பாருக்கு எப்.எல்.3. கிளப்புக்கு எப்.எல்.2.

கிளப் என்றால் லாபத்துக்கு நடத்துவது அல்ல. உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். கமிட்டி தேர்ந்தெடுக்கிறார்கள். டென்னிசு ஆடுகிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், பில்லியர்ட்சு ஆடுகிறார்கள். சாயந்திரம் களைப்பாக உட்கார்ந்து ஒரு கிளாஸ் அருந்துகிறார்கள். அந்தச் சரக்கு உறுப்பினர்களின் பொதுப் பணத்தில் வாங்கியது. அவர்கள் சொத்தை அவர்களே குடிக்கிறார்கள். இதில் "விற்பனை" எங்கே வந்தது?

இது கிண்டல் இல்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போன வாதம். சென்னை யங் மென்ஸ் இந்தியன் அசோசியேஷன் வழக்கில் 1970-ல் தீர்ப்பு வந்தது. கிளப் தன் உறுப்பினர்களுக்குத் தின்பண்டமும் பானமும் கொடுப்பது விற்பனை ஆகாது, அதற்கு விற்பனை வரி இல்லை என்று கோர்ட்டு சொன்னது. அந்த வழக்கு மதுவைப் பற்றியது அல்ல. ஆனால் "கிளப் வேறு, கடை வேறு" என்ற எண்ணம் சட்டத்தில் எவ்வளவு ஆழமாக ஊன்றி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

வெள்ளைக்காரன் காலத்துக் கிளப்புகள் இந்த வழியில் வந்தவைதான். சென்னையில் 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், 1884-ல் தொடங்கிய ஜிம்கானா கிளப் எல்லாம் முதலில் மைதானம், அப்புறம்தான் பார்.

இப்போது கேட்கப்படுகிற கேள்வி, மைதானமே இல்லாத கிளப்பைப் பற்றியது.

கேரம் போர்டு எங்கே?

சொசைட்டி சட்டத்தில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். "மன மகிழ்ச்சி"யும் "உடல் நலமும்" நோக்கம் என்று எழுத வேண்டும். வாடகைக்கு ஒரு கட்டிடம். ஒரு மூலையில் கேரம் போர்டு. பிறகு எப்.எல்.2 மனு. கலெக்டரின் அறிக்கையைப் பார்த்து, சென்னையில் உள்ள மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை கமிஷனர் லைசென்சு கொடுப்பார்.

சரக்கு உறுப்பினருக்கு மட்டும்தான். ஆனால் வாசலில் வருகிறவன் எல்லாம் உறுப்பினன் ஆகிவிட்டால்? பணத்தைக் கட்டினால் அங்கேயே ஒரு சீட்டு. அன்றைக்கு மட்டும் அவர் மெம்பர்! நாளைக்கு மறுபடி வந்தால் மறுபடி மெம்பர்!

மாநிலத்தின் பல ஊர்களில் இப்படி நடப்பதாகப் புகார்கள் வந்தன. பெண்கள் மறியல் செய்தார்கள். மன்றம் என்ற பெயரில் பார் நடக்கிறது என்று ஐகோர்ட்டில் வழக்குகள் போட்டார்கள்.

இதற்காக எல்லாக் கிளப்பையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயம் இல்லை. ஒழுங்காக நடக்கிற விளையாட்டுக் கிளப்புகள் உண்டு. டென்னிசு கோர்ட்டுக்கு வலை வாங்க வேண்டும். பையன்களுக்குக் கோச் வைக்க வேண்டும். விளக்குக்குக் கரண்டு பில் கட்ட வேண்டும். சந்தாவை வைத்து மட்டும் இதைச் செய்ய முடியாது, பார் வருமானம்தான் மைதானத்தைக் காப்பாற்றுகிறது என்று கிளப் நடத்துகிறவர்கள் சொல்வது வழக்கம். அது பொய்யும் அல்ல.

ஆனால் அதே மைதானத்தில்தான் பத்தாம் வகுப்புப் பையன் ஷட்டில் ஆடுகிறான். அவன் ராக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிற வழியும், அய்யா உள்ளே போகிற வழியும் ஒன்று.

நேரத்தின் கதை

மதுக்கடையின் நேரம் என்பது தமிழ்நாட்டில் அரசியல் ஆகிவிட்டது. கடையை முழுசாக மூட முடியாதபோது நேரத்தைக் குறைப்பார்கள்.

திருவண்ணாமலைக்கு மதுவிலக்கு ஒன்றும் புதிது அல்ல. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இரண்டே வருஷத்தில், 1939-ல் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் அது வந்தது. அப்போது திருவண்ணாமலை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது. ஓமந்தூரார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ந் தேதி மாகாணம் முழுவதும் அமுலுக்கு வந்தது.

1971-ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தள்ளி வைக்கப்பட்டது. 1973-ல் கள்ளுக்கடையும், 1974-ல் சாராயக்கடையும் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. அப்போது அதற்கு மொத்த வியாபாரம் மட்டும்தான். 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. ஏலம் எடுத்த ஒயின்ஷாப் முதலாளி போய், அரசாங்கமே கடைக்காரர் ஆனது.

2016 மே 23-ந் தேதி ஜெயலலிதா முதல்-அமைச்சராகப் பதவி ஏற்றார். அன்றைக்கே போட்ட கையெழுத்துகளில் ஒன்று கடை நேரத்தைப் பற்றியது. காலை 10 மணிக்குத் திறந்த கடை, மறுநாள் முதல் பகல் 12 மணிக்குத்தான் திறந்தது. 500 கடைகளை மூடவும் உத்தரவு வந்தது. 2017-ல் எடப்பாடி பழனிசாமி முதல் கையெழுத்தில் இன்னொரு 500. 2023 ஜூன் 22-ந் தேதி தி.மு.க. ஆட்சியில் மேலும் 500. அப்போது 5,329 ஆக இருந்த கடைகள் 4,829 ஆகக் குறைந்தன.

கடை குறைந்ததே தவிர, கல்லா குறையவில்லை. 2022-23-ல் அரசுக்கு டாஸ்மாக் மூலம் கிடைத்த வருமானம் 44 ஆயிரத்து 121 கோடி ரூபாய். 2023-24-ல் அது 45 ஆயிரத்து 855 கோடி. 2024-25-ல் 48 ஆயிரத்து 344 கோடி!

2023 தொடக்கத்தில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை ஒரு யோசனை சொன்னது. பகல் 2 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டும் விற்றால் என்ன என்பது அது. அது நடைமுறைக்கு வரவில்லை. அதே வருஷம் ஜூலையில் அமைச்சர் முத்துசாமி, விடியற்காலையில் கடும் வேலைக்குப் போகிற தொழிலாளிகளின் கஷ்டத்தைப் பற்றிப் பேசினார். "அப்படியானால் காலையிலேயே கடையா?" என்று மாநிலம் முழுவதும் பரபரப்பு. அந்த மாற்றமும் வரவில்லை.

ஆக, நேரத்தைக் குறைப்பதும் கஷ்டம், கூட்டுவதும் கஷ்டம். ஒரு மணி நேரத்தைத் தொட்டால் போதும், சட்டசபை வரை சத்தம் கேட்கும்.

நேரத்துக்கு முன்னாடி குடித்தவர்கள்

"நேரத்தில் என்ன இருக்கிறது? குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான்" என்பார்கள் சிலர்.

2023 மே மாதம் தஞ்சாவூரில் நடந்தது இது. கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே பாரில் சரக்கு வாங்கிக் குடித்த இரண்டு பேர் செத்துப் போனார்கள். பரிசோதனையில் சயனைடு தெரியவந்தது. சயனைடு எப்படி வந்தது என்பது போலீஸ் விஷயம். ஆனால் பூட்டிக் கிடக்க வேண்டிய நேரத்தில் கிளாஸ் எப்படி வந்தது என்ற கேள்வி அதற்கு முன்னால் வருகிறது. பில் இல்லாத நேரத்தில் விற்ற சரக்குக்கு யாரும் ஜவாப்தாரி இல்லை.

எதிர்ப்பக்கத்து வாதமும் உண்டு. சட்டப்படி கிடைக்காவிட்டால் கள்ளச்சாராயத்துக்குப் போவான் என்பார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் அங்கே விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் கருணாபுரத்து ஏழைகள் கிளப் மூடிவிட்டதே என்று பாக்கெட் சாராயத்துக்குப் போகவில்லை. கையில் அவ்வளவு காசு இல்லை என்றுதான் போனார்கள். கிளப்புக்கு ஒரு மணி நேரம் கூட்டுவதற்கு இந்தச் சாவுகளை ஆதாரமாகக் காட்ட முடியாது.

பௌர்ணமி ராத்திரி

இனி, இந்த ஊரின் தனிப் பிரச்சினை.

மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கம். பகலில் தார் ரோடு காலைச் சுடும் என்பதால் பெரும்பாலானவர்கள் ராத்திரியில்தான் நடக்கிறார்கள். பௌர்ணமி அன்று லட்சக்கணக்கில் ஜனம். வெளியூர்ப் பெண்கள், கிழவிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், செருப்பு இல்லாமல், கையில் ஒரு மஞ்சள் பையோடு நடக்கிறார்கள். இரவு 11 மணிக்கு மற்ற ஊர் தூங்கப் போகும். இங்கே அப்போதுதான் பாதி பேர் எம லிங்கத்தையே தாண்டி இருப்பார்கள்.

திண்டிவனத்தில் இருந்து கிருஷ்ணகிரி போகிற ரோடும், வேலூரில் இருந்து விழுப்புரம் போகிற ரோடும் சந்திக்கிற ஊர் இது. ராத்திரி பூராவும் பஸ், வேன், லாரி. அதற்கு நடுவே நடக்கிற கூட்டம்.

இப்படிப்பட்ட ஊரில் கிளப்பில் இருந்து கடைசி ஆசாமி எத்தனை மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் இல்லை.

மது விற்காத நாட்கள் என்று வருஷத்துக்கு எட்டு நாள் உண்டு. திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. கிளப்புக்கும் அன்று பூட்டுதான்.

இந்தப் பட்டியலில் கார்த்திகை தீபம் இல்லை! பௌர்ணமியும் இல்லை. தீபத் திருவிழாவுக்குக் கலெக்டர் தனி உத்தரவு போட்டுக் கடைகளை மூடச் சொல்வது வழக்கம். மாதா மாதம் வருகிற பௌர்ணமிக்கு அப்படிப் பொதுவான பூட்டு கிடையாது.

2023 ஆகஸ்டில் கவர்னர் ஆர்.என்.ரவி திருவண்ணாமலைக்கு வந்து, கிரிவலப் பாதையில் உள்ள அசைவ ஓட்டல்களைப் பற்றிக் குறை சொன்னார். பெரிய சர்ச்சை ஆனது. பிரியாணி பற்றி அவ்வளவு பேச்சு! பிரியாணி தின்றவன் ரோட்டில் நடக்கிற கிழவி மேல் வண்டியை ஏற்றுவது இல்லை.

மாநகராட்சி ஆனதும் மாறியது என்ன?

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை நகராட்சி, மாநகராட்சி ஆனது. அக்கம்பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்தன. ரோடு வரும், விளக்கு வரும், வரியும் வரும் என்று பேசிக்கொண்டார்கள். மதுவிலும் சில கணக்குகள் மாறும் என்பதை யாரும் பேசவில்லை.

டாஸ்மாக் கடைக்கு 2003-ம் ஆண்டு விதியில் ஒரு தூரக் கணக்கு இருக்கிறது. கோவில், பள்ளிக்கூடத்தில் இருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். மற்ற இடங்களில் 100 மீட்டர். அதாவது, நேற்று ஊராட்சியாக இருந்த இடத்தில் 100 மீட்டர் பாதுகாப்பு. மாநகராட்சி ஆன மறுநாள் அது பாதி! வணிகப் பகுதி என்று திட்டத்தில் குறித்துவிட்டால் அந்த 50 மீட்டரும் கிடையாது.

கிராம சபையும் போயிற்று. ஊராட்சியாக இருந்தபோது ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடி, "கடை வேண்டாம்" என்று தீர்மானம் போட்டார்கள். (வேடிக்கை என்னவென்றால், இந்த நாலு நாளும் கடை மூடி இருக்கும் நாட்கள்!) அந்தத் தீர்மானத்தை அதிகாரிகள் மதித்தார்களா என்பது வேறு கதை. கூடிக் கை தூக்க ஒரு ஆலமரத்தடியாவது இருந்தது.

இன்னொன்று. 2023-ல் அரசு "எப்.எல்.12" என்று ஒரு புது லைசென்சைக் கொண்டு வந்தது. கல்யாண மண்டபம், மாநாட்டு மண்டபம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றில் விசேஷத்துக்கு மது பரிமாறலாம் என்றது. ஒரு நாள் கட்டணம் மாநகராட்சியில் 11 ஆயிரம், நகராட்சியில் 7 ஆயிரத்து 500, மற்ற இடங்களில் 5 ஆயிரம் ரூபாய். ஏப்ரல் மாதம் விஷயம் வெளியே வந்ததும் மாநிலமே கொதித்தது. கல்யாண மண்டபத்தை உடனே நீக்கினார்கள். சர்வதேச விளையாட்டுப் போட்டி, மாநாடு போன்றவைக்குத்தான் என்று அமைச்சர் செந்தில் பாலாஜி விளக்கம் சொன்னார். வழக்கு ஐகோர்ட்டுக்குப் போய், இடைக்காலத் தடை வந்தது.

விளையாட்டும் மதுவும் ஒரே கூரையின் கீழ் வருவதை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அந்த ஏப்ரல் மாதம் காட்டிவிட்டது.

சீமையில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்

இங்கிலாந்தில் இதே பிரச்சினையை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்க்கலாம். அங்கே ஊருக்கு ஊர் கிரிக்கெட் கிளப், ரக்பி கிளப் உண்டு. எல்லாவற்றிலும் பார் உண்டு. 2003-ல் வந்த லைசென்சு சட்டம், 2005 நவம்பர் 24-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதுவரை "பப்"புகள் பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மூடின. அதன் பிறகு யாரும் கூடுதல் நேரம் கேட்கலாம்.

கேட்கலாம். ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. நேரத்தை நீட்ட மனு போட்ட கிளப், தன் வாசலிலேயே நோட்டீஸ் ஒட்ட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். 28 நாள் அவகாசம். பக்கத்து வீட்டுக்காரர், "ராத்திரி சத்தத்தில் குழந்தை தூங்க முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்தால், உள்ளூர் கவுன்சில் கமிட்டி இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்கும். வெள்ளி, சனி மட்டும் கூடுதல் நேரம், ஜன்னலை மூட வேண்டும் என்று நிபந்தனை போட்டும் கொடுக்கும்.

இங்கே? பெயிண்ட் அடித்து, ஏ.சி. மாட்டி, லாரியில் பெட்டி இறங்கும்போதுதான் தெருவுக்குத் தெரிகிறது. அப்புறம் மறியல், போலீஸ், பேச்சுவார்த்தை, கோர்ட்டு. முதலில் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயத்துக்கு, கடைசியில் பெண்கள் ரோட்டில் உட்கார வேண்டி இருக்கிறது.

மதுவுக்கு எதிராகப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31-ந் தேதி செல்போன் கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டம் அது. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் உள்ள அந்த ஊரின் பெயர் உண்ணாமலைக்கடை. பெயரைக் கேட்டால் நம்மூர் உண்ணாமுலை அம்மன் நினைவுதான் வருகிறது.

நேரத்தை நீட்டுவது யார் கையில்?

ஒரு கிளப்பின் கமிட்டி கூடி, "இனிமேல் 12 மணி வரை" என்று தீர்மானம் போட்டால் செல்லாது. நேரம் விதியில் இருக்கிறது. விதியை மாற்ற அரசாணை வேண்டும். உள்துறை, மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை கோட்டையில் இருந்து போட வேண்டும்.

ஆனால் இருக்கிற நேரத்தை மீறாமல் பார்ப்பது உள்ளூர் வேலை. விளக்கை அணைத்துவிட்டுப் பின்கதவு வழியாக ஊற்றினால், அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கலால் துறையும் மதுவிலக்குப் போலீசாரும். அரசாணை இல்லாமலேயே நேரம் நீளுவது இந்த இடத்தில்தான். வெளியே பூட்டு, உள்ளே கிளாஸ்!

மெம்பர் யார், விருந்தாளி யார் என்று நோட்டில் எழுதி இருக்கிறதா? அந்த நோட்டை யாராவது புரட்டிப் பார்க்கிறார்களா? பௌர்ணமி அன்றைக்கு இரவு 11 மணிக்கு மேல் ஒரு அதிகாரி போய் கதவைத் தட்டினாரா? வெங்கிக்காலில் உள்ள கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவோடு வரிசையில் நிற்கிறவர்கள் அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மனுவில் கிளப்பின் பெயர், தெரு, பார்த்த தேதி, பார்த்த மணி நாலையும் எழுதினால் விசாரிக்காமல் தள்ள முடியாது.

கள்ளத்தனமான மது விற்பனை பற்றிச் சொல்ல 10581 என்ற நம்பரில் போனும் செய்யலாம். காசு இல்லை.